சோதனைச்சாலையில் ஒரு சங்கீதக்காரர்



நம்ம பாலிடெக்னிக்கில் கவிதை எழுதுகிறவன், மிருதங்கம் வாசிக்கிறவன், படம் வரைகிறவள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். ரெக்கார்டு நோட்டை முடிக்கவே நேரம் பத்தலை, இதில் கலையாவது கத்திரிக்காயாவது! வீட்டில் கேட்டால், முதலில் டிப்ளமோவை வாங்கு, மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார்கள். அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்த இழுபறியில் ஆயுள் முழுக்க மாட்டிக்கொண்ட ஒரு மனிதரின் கதையை, கெமிக்கல் படிக்கிறவன் என்ற உரிமையில், இந்த மலரில் சொல்ல வந்திருக்கிறேன். அவர் பெயர் அலெக்சாண்டர் போரோதின்.

1833ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அப்பா ஒரு ஜார்ஜியப் பிரபு. ஆனால் முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறந்த பிள்ளை இல்லை என்பதால், வீட்டுப் பண்ணையாள் ஒருவரின் மகனாகவே பதிவேட்டில் பெயர் ஏறியது. சின்ன வயதிலேயே ஒரு பக்கம் புல்லாங்குழல், செல்லோ, பியானோ. மறுபக்கம் ரசாயனப் பரிசோதனைப் பைத்தியம்.

1850ல் மருத்துவ அறுவை அகாடமியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் நிகோலாய் சீனின். நைட்ரோபென்சீனை அனிலீனாக மாற்றிக் காட்டினாரே, அதே சீனின்தான். சீடனைத் தம் வாரிசாகவே பார்த்தார். அதனால்தான் கண்டிப்பும் அதிகம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்காதே, பாட்டை விட்டு வேதியியலைப் பிடி என்பது அவர் கட்சி. போரோதின் மறுத்துப் பேசவும் இல்லை, பாட்டை விடவும் இல்லை! 1858ல் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வு என்னவோ ஆர்சனிக் அமிலம் பற்றி.

மறு வருஷமே மேற்படிப்புக்காக ஜெர்மனியின் ஹைடல்பர்க் போனார். அங்கே எர்லன்மேயரின் சோதனைச்சாலையில் வேலை. டைட்ரேஷன் செய்யும்போது நாம் கையில் பிடித்து ஆட்டுகிறோமே கோனிகல் ஃபிளாஸ்க், அதற்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். பக்கத்திலேயே நண்பராக மெண்டலீவ். பகலெல்லாம் குடுவை, சாயங்காலம் ஆனால் நண்பர்களோடு இசை.

1861ல் ஹைடல்பர்க்குக்கு எகடெரினா என்ற மாஸ்கோப் பெண் வந்தார். அருமையான பியானோ கலைஞர். ஆனால் வந்தது காசநோய்க்கு வைத்தியம் பார்க்க. ஷோப்பான், ஷூமன் ஆகியோரின் இசையை அவர் வாசிக்கக் கேட்டுத்தான் போரோதினுக்குப் புதிய உலகமே திறந்தது. காதலும் வந்தது. குளிர் நெருங்கியதும், நோய்க்கு வெப்பமான ஊர்தான் ஏற்றது என்று மருத்துவர்கள் சொல்ல, இருவரும் இத்தாலியின் பீசா நகருக்குப் போனார்கள். படிப்பு போச்சு என்றுதானே நினைப்போம்? அங்கிருந்த வேதியியலாளர்களிடம் பேசி சோதனைச்சாலையில் இடம் பிடித்தார் மனிதர். பென்சாயில் குளோரைடிலிருந்து பென்சாயில் ஃபுளோரைடைத் தயாரித்தது அங்கேதான், 1862ல். காதல், இசை, ஆராய்ச்சி மூன்றும் அவர் வாழ்வில் ஓரளவு சமமாக நின்றது இந்தக் காலத்தில்தான் என்பது என் கணிப்பு.

ஊர் திரும்பினார். 1863ல் கல்யாணம். அகாடமியில் பேராசிரியர் வேலை. குடியிருப்பும் சோதனைச்சாலைக்குப் பக்கத்திலேயே. அந்த வீடு ஒரு சத்திரம் மாதிரி. சொந்தக்காரர்கள் வந்து படுத்துக்கொள்வார்கள், பூனைகள் சாப்பாட்டு மேசையில் நடக்கும். பீட்டர்ஸ்பர்க் குளிர் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாததால் குளிர்காலங்களில் அவர் பெரும்பாலும் மாஸ்கோவில். 1872ல் பெண்களுக்கான மருத்துவப் படிப்பு தொடங்கியபோது அதிலும் வேதியியல் கற்பித்தார். பெண்கள் டாக்டராவதை அங்கே பலர் விரும்பாத காலம் அது.

சரி, இசை எப்போது? கோடை விடுமுறையில். இல்லாவிட்டால் காய்ச்சல் வந்து வகுப்புக்குப் போக முடியாத நாளில்! அதனால் அவர் நோயில் படுக்கட்டும் என்றே இசை நண்பர்கள் வேடிக்கையாக வேண்டுவார்களாம். அந்த நண்பர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாலகிரெவ், முசோர்க்ஸ்கி, கடற்படை அதிகாரியாக இருந்த ரிம்ஸ்கி-கோர்சகோவ், கோட்டை கட்டும் பொறியியல் வல்லுநர் குயி. சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1861ல் அவர் செய்து காட்டிய வெள்ளி உப்பு, புரோமின் வினைக்குப் பல பத்தாண்டுகள் கழித்து ஹுன்ஸ்டீக்கர் தம்பதியின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1872ல் ஆல்டால் வினையைக் கண்டவர்களில் அவரும் ஒருவர், பெயர் பெரும்பாலும் பாரிஸின் வூர்ட்ஸுக்கே போயிற்று. இரண்டாம் சிம்பொனிக்கு 1869 முதல் 1876 வரை ஆனது. 'இளவரசன் ஈகோர்' என்ற இசை நாடகத்தை 1869ல் தொடங்கி 18 வருஷம் எழுதியும் முடிக்கவில்லை. 1887ல் அகாடமியில் நடந்த மாறுவேட விருந்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வயது 53. சில மாதங்களில் மனைவியும் போய்ச் சேர்ந்தார்.

ரிம்ஸ்கி-கோர்சகோவும் இளைஞர் கிளாசுனோவும் நாடகத்தைப் பூர்த்தி செய்தார்கள். 1890ல் அது மேடையேறியது. இன்றைக்கும் உலகமெங்கும் ஒலிக்கிறது. 1881ல் மனைவிக்குக் காணிக்கையாக்கிய இரண்டாம் நால்வர் இசையும் அப்படித்தான்.

சீனின் சொன்னது தப்பா? தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் பிடித்திருந்தால் போரோதின் அதில் இன்னும் நிறையச் செய்திருப்பார். ஆனால் எதை விட்டிருக்க வேண்டும்? வேதியியலையா, அந்தப் பெண் மாணவிகளையா, நோயாளி மனைவியையா, இசையையா? ஒன்றைக் கழித்தாலும் அவர் அவராக இருந்திருக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் பங்கு போட அவரால் முடியவில்லை. நம்மாலும் முடியாது. கிடைத்த துண்டு நேரத்தில் செய்ததை அழியாமல் காப்பாற்ற மட்டும் முடியும்.

அதையும் அவரே காட்டியிருக்கிறார். 1879ல் கச்சேரிக்கு நாள் நெருங்கிவிட, அவசரம் அவசரமாகப் பென்சிலில் எழுதிய இசைத் தாள்கள் அழிந்துவிடக் கூடாதே என்று ஜெலட்டின் கரைசலைப் பூசி, துவைத்த துணி மாதிரி கொடியில் உலர்த்தினாராம். கெமிஸ்ட் மூளை!

எனவே நண்பா, உன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாதியில் நிற்கிற அந்தக் கவிதையைக் கிழித்துப் போடாதே. நாளைக்கு சீரிஸ் டெஸ்ட்டா? முதலில் படி. நோட்டை மட்டும் பத்திரமாக வை!