கருவூரை ஏட்டில் வைத்தவர்

எகிப்தின் அலெக்சாந்திரியாவில், உரோமப் பேரரசின் குடியாக வாழ்ந்து, கிரேக்க மொழியில் எழுதியவர் தாலமி. கி.பி. 127 முதல் 141 வரை அவர் வானை நோக்கிக் குறித்த கணக்குகளே அவர் காலத்தை நமக்கு உறுதி செய்கின்றன.

விண்ணை அளந்தவர் மண்ணையும் அளக்க முற்பட்டார். எட்டுப் பகுதிகள் கொண்ட 'புவியியல்' நூலில் ஏறத்தாழ 8,000 இடங்களுக்கு இருப்பிடக் கணக்குத் தந்தார். மேற்கே கனேரித் தீவுகள் தொடங்கிக் கிழக்கே 180 பாகை. உரோமர் அறிந்த உலகு அவர் கணக்கில் அவ்வளவே. தீர் நகர மரினுசு அதனை 225 பாகையாக விரித்திருந்தார். வணிகர் தொலைவை மிகுத்துரைப்பர் என ஐயுற்றுத் தாலமி குறைத்தார்.

ஆயினும், காணாத நம் நாட்டை அறிய அவருக்கு முன்னோர் நூல்களும் அவ்வணிகர் வாய்மொழியுமே துணை. மிளகு ஏற்ற வந்தவர்கள் முசிறியைச் சொல்லியிருப்பதில் வியப்பில்லை. கடலை விட்டு அகன்ற உள்நாட்டு ஊராகிய கரூராவைச் சேரரின் அரசிருக்கை என்று அவர் எழுதியதுதான் வியப்பு. நாமக்கல் சமவெளியிலிருந்து காவிரியைக் கடந்தால் எதிர்ப்படும் கருவூரே அது. மேலைக் கடற்பக்கம் அதனைத் தேடுவோரும் உளர். அமராவதி ஆற்றுமணல் தந்த உரோமக் காசுகளும் புகழூர்க் குகையில் சேரர் பெயர் தாங்கிய கல்வெட்டும் இருக்க, அத்தேடல் எதற்கு?

பிழைகள் இல்லாமலில்லை. தென்னகத்தின் கூர்முனை மழுங்கிற்று. இலங்கை பன்மடங்கு பெருத்தது. இந்தியப் பெருங்கடலை நிலம் சூழ்ந்த ஏரியாக்கினார்.

170ஆம் ஆண்டை ஒட்டித் தாலமி மறைந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பிளனூதேசு என்னும் பைசாந்தியத் துறவி அந்நூலின் படியைத் தேடி அலைந்து கண்டெடுத்தார், நம் உ.வே.சா.வின் ஏட்டுத் தேட்டத்தை ஒத்த அலைச்சல் அது.