லூயி பிரெயில் சரித்திரச் சுருக்கம்

பிரான்ஸ் தேசத்தில் பாரீஸ் மாநகருக்குக் கிழக்கேயுள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரிலே, குதிரைச் சேணந் தைத்து ஜீவனஞ் செய்த ஒருவருக்கு லூயி பிரெயில் என்பார் 1809-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி புதல்வராய்ப் பிறந்தார். மூன்றாம் பிராயத்தில், தந்தையாரின் பட்டறையிலே தோலைத் துளைக்குங் கூரிய கருவியொன்றை எடுத்து விளையாடுகையில் அது கண்ணிற் பாய்ந்தது. அப்புண் சீழ்கொண்டு, நோய் மற்றைக் கண்ணையும் பற்ற, ஐந்தாம் பிராயத்தில் இரு கண்களும் ஒளியிழந்தன. நம் இல்லங்களிலும் ஊசியும் உளியும் கத்தரிக்கோலும் குழந்தைகளின் கைக்கெட்டுமிடத்தே கிடப்பதுண்டன்றோ?

பார்வை குன்றிய பிள்ளைகளையுடைய குடும்பத்தார் இனி வருவதைச் சற்று நின்று வாசிக்க வேண்டுகிறோம். லூயியின் பெற்றோர் அவரை மூலையில் அமர்த்தி வைத்தாரல்லர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண்ணுள்ள சிறுவரோடு கூடவே படிப்பித்து, 1819-ல், பத்தாம் பிராயத்தில், பாரீஸிலுள்ள அந்தகர் வித்தியாசாலைக்கு அனுப்பினர்.

அங்கே புஸ்தகங்கள் சில இருந்தன. ஆயினும், கண்ணுக்கென்று ஏற்பட்ட எழுத்துக்களையே காகிதத்திற் புடைக்கச் செய்திருந்தமையால், ஒவ்வொன்றையுந் தடவி அறிய நெடுநேரஞ் சென்றது. அன்றியும், அவ்வெழுத்தைப் பிள்ளைகள் வாசிக்கலாமேயன்றித் தாமே எழுதுதல் அரிது. வாசிக்க மட்டும் அறிந்து எழுத அறியாதவர்க்குக் கல்வி பாதியே என்பது எம் கருத்து.

பார்பியே என்னும் சேனை உத்தியோகஸ்தர், புள்ளிகளால் ஓசைகளைக் குறிக்கும் முறையொன்றை அவ்வித்தியாசாலைக்குக் கொணர்ந்தார். அதில் ஒரு குறிக்கு 12 புள்ளிகள் வரை வேண்டியிருந்தன. ஒரே தொடுகையில் அத்தனையையும் விரல்நுனி உணரமாட்டாது. லூயி அதனை ஆறு புள்ளிகளாகக் குறைத்து, 1824-ல், தம் பதினைந்தாம் பிராயத்திலே புதிய நெடுங்கணக்கை அமைத்தார். இரண்டு வரிசை; வரிசைக்கு மூன்று புள்ளி. இவற்றை மாற்றி மாற்றி வைக்க 63 குறிகள் கிடைக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் சங்கீதத்துக்கும் அவை போதுமாயின. சட்டமும் எழுத்தூசியுங் கொண்டு அந்தகரே எழுதவும் வல்லராயினர். 1829-ல் இம்முறை அச்சில் வெளிவந்தது.

பின்னர் அவ்வித்தியாசாலையிலேயே அவர் உபாத்தியாயராய் அமர்ந்தார். தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பதிலும் பெயர் பெற்றார். அவருடைய எழுத்துக்கோ எளிதில் இடங் கிடைக்கவில்லை. வித்தியாசாலையின் தலைவரொருவர் அதனை விலக்கியும், மாணவர் மறைவிற் பழகி வந்தனர். தமக்கு விளங்காத எழுத்து இவர்களுக்கு எதற்கென்று கண்ணுடையார் எண்ணினர் போலும்!

லூயி பிரெயில் க்ஷயரோகத்தால் 1852-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி, 43 வயது நிரம்பிய இரண்டாம் நாள் காலமானார். பிரான்ஸ் தேசம் அவரது முறையை முறைப்படி அங்கீகரித்தது 1854-லேதான். இந்திய பாஷைகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் 1951-ல் ஏற்பட்டபொழுது, தமிழெழுத்துக்களும் அந்த ஆறு புள்ளிகளிலேயே அடங்கின.