சிறு கத்தியும் ரிட்லியும்

சுவா சூ காங் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த வட்டாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு மிளகும் கேம்பியரும் பயிரிடப்பட்டன. பின்னர் அந்த இடங்களில் ரப்பர் மரங்கள் வளர்ந்தன. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ரப்பர்த் தொழில் வேரூன்றக் காரணமானவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. ஒரு கையில் பிடிக்கக்கூடிய சிறு கத்தியே அத்தொழிலின் முக்கியக் கருவி.

ரிட்லி 1855-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். செடிகொடிகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்ட அவர், 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அங்கே ஏற்கெனவே சில ரப்பர் மரங்கள் இருந்தன. பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகள் லண்டனில் முளைக்கவைக்கப்பட்டு, 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டிருந்தன. ஆனால், அவற்றின் மதிப்பைப் பலர் உணரவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பிரேசில் காடுகளில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, மரத்தை வளரச் செய்யும் மெல்லிய திசுப் படலம் உள்ளது. கோடரி வெட்டு அதையும் காயப்படுத்தியது. காயம்பட்ட இடங்கள் முடிச்சு முடிச்சாகத் தடித்தன. மீண்டும் அங்கே பால் எடுப்பது கடினமாயிற்று.

ரிட்லி பூமலை மரங்களில் பல சோதனைகள் செய்தார். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருப்பதால், கட்டைவரை வெட்டத் தேவையில்லை. பட்டையில் மீன்முள் வடிவில் சாய்வான கோடுகளை வெட்டி, ஒவ்வொரு முறையும் கோட்டின் கீழ் விளிம்பை மட்டும் மெல்லியதாகச் சீவினால் போதும் என்று அவர் கண்டறிந்தார். பால் தொடர்ந்து வடிந்தது. பட்டையும் மீண்டும் வளர்ந்தது. மரமும் பல ஆண்டுகள் பயன் தந்தது.

எனினும், காப்பி பயிரிட்ட தோட்டக்காரர்கள் அவரை நம்பவில்லை. ரிட்லி சட்டைப்பையில் ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு, சந்தித்தவர்களிடமெல்லாம் அவற்றை நடச்சொன்னார். பலர் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தனர். அவர் மனம் தளரவில்லை. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரைப் பெரிய அளவில் பயிரிட்டார். மோட்டார் வாகனங்கள் பெருகியபோது, டயர் செய்ய ரப்பர் தேவைப்பட்டது. 1920-ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா தந்தது.

ரிட்லியின் முறை தோட்டங்களில் நிலைபெற உழைத்தவர்களுள் தமிழர்கள் ஏராளம். தமிழகத்திலிருந்து வந்த அவர்கள், ரப்பர் மரத்தைப் பால்மரம் என்று அழைத்தனர். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். அதனால், விடியும் முன்பே கத்தியுடன் தோட்டத்திற்குச் சென்றனர். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரம் புண்படும். அந்த அளவை அறிந்த கைகளே தோட்டங்களை வாழவைத்தன.

ரிட்லி 1956-இல், தம் நூறாவது வயதில் காலமானார். பூமலை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமானது. ரப்பர்த் தொழிலுக்கு அது ஆற்றிய பங்கும் அதற்கு ஒரு காரணமாகும். இயற்கையிடமிருந்து பெறும்போது அதைக் காயப்படுத்தாமல் பெற வேண்டும் என்பதை ரிட்லியின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.