நாடில்லாதவர்களுக்கு பாஸ்போர்ட் கொடுத்த நார்வேக்காரர்: யார் இந்த நான்சென்?

1896 ஜூன் 17. வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஃபிரான்ஸ் ஜோசப் லேண்ட் என்ற பனித்தீவுக் கூட்டம். இங்கிலாந்துக்காரரான ஃபிரெடரிக் ஜாக்சன் அங்கே முகாம் போட்டிருந்தார். திடீரென்று பனிவெளியில் ஓர் உருவம் நடந்து வந்தது. தோள் வரை முடி, முகம் முழுக்க கரியும் கொழுப்பும், பல மாதம் துவைக்காத துணி. ஜாக்சன் கைகுலுக்கினார். யாரோ கப்பல் உடைந்து தப்பிய மாலுமி என்று நினைத்தார். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் உற்றுப் பார்த்து, நீங்கள் நான்சென் இல்லையா என்று கேட்டார்.

ஆமாம், நான்சென்தான். மூன்று வருடமாக உலகம் தேடிக்கொண்டிருந்த ஃபிரித்யோஃப் நான்சென். அன்றைக்கு அவரை அடையாளம் காட்ட எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. முன்பு லண்டனில் பார்த்த முகம் ஜாக்சனுக்கு ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். இதில் இன்னொரு வேடிக்கை: நான்சென் கிளம்புவதற்கு முன் அவருடைய பயணக் குழுவில் சேர ஜாக்சன் விண்ணப்பித்திருந்தார். நார்வேக்காரர் இல்லை என்பதால் இடம் கிடைக்கவில்லை.

இந்த மனிதர்தான் கால் நூற்றாண்டு கழித்து, காகிதம் இல்லாத காரணத்தால் எல்லையில் நின்றுபோன லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு காகிதம் வாங்கிக் கொடுத்தார். அதன் பெயர் நான்சென் பாஸ்போர்ட்.

பனிக்காட்டில் இருந்து அரசியலுக்கு

நான்சென் பிறந்தது 1861 அக்டோபர் 10, இன்று ஆஸ்லோ என்று அழைக்கப்படும் நகரத்தின் ஓரத்தில். படித்தது விலங்கியல். நரம்பு மண்டலம் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். அதே 1888-ல், யாரும் அதுவரை கடக்காத கிரீன்லாந்தின் உள்பனியை ஐந்து பேரோடு பனிச்சறுக்கில் கடந்தார். மக்கள் இருந்த மேற்குக் கரையில் தொடங்காமல், ஆள் அரவமற்ற கிழக்குக் கரையில் தொடங்கினார். திரும்பிப் போனால் அங்கே ஒன்றும் இல்லை, முன்னால் போவதுதான் ஒரே வழி என்று ஆக்கிக்கொண்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

1893-ல் ஃபிராம் என்ற கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டியில் உறைய விட்டு, நீரோட்டம் இழுத்துப் போகும் திசையில் துருவத்துக்குப் போகலாம் என்று கிளம்பினார். பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். கப்பல் நொறுங்கவில்லை. ஆனால் துருவம் வரை அது போகாது என்று தெரிந்ததும் 1895 மார்ச்சில் யால்மார் யோஹான்சன் என்ற தோழரோடு நாய்வண்டியில் இறங்கி நடந்தார். 86 டிகிரி 14 நிமிடம் வரை போனார்கள். அதற்கு முன் எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. திரும்பும் வழியில் கல்லும் வால்ரஸ் தோலும் வைத்துக் கட்டிய குடிசையில், கரடிக் கறி தின்று எட்டு மாதம் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். அதன் பிறகுதான் ஜாக்சனைச் சந்தித்தது.

ஊர் திரும்பியபோது அவர் நார்வேயின் ஹீரோ. 1905-ல் ஸ்வீடனிடம் இருந்து நார்வே பிரிந்தபோது பிரிவினைக்காக வாதாடினார், புதிய அரசராக டென்மார்க் இளவரசரைச் சம்மதிக்க வைக்கவும் உதவினார். பிறகு 1908 வரை லண்டனில் நார்வேயின் தூதர். அவர் அங்கே இருந்தபோதுதான் 1907 டிசம்பரில் மனைவி ஏவா ஊரில் இறந்துபோனார்.

பாஸ்போர்ட் எப்போது கட்டாயமானது?

இன்று ஏர்போர்ட்டில் இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போது, இது காலம் காலமாக இருக்கும் நடைமுறை என்றுதான் தோன்றும். கிடையாது. 1914-க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே ரயில் ஏறி நாடு விட்டு நாடு போகலாம். ரஷ்யாவும் துருக்கியும்தான் கறாராகக் கேட்டன. முதல் உலகப் போர் வந்ததும் உளவாளி பயத்தில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1920-ல் பாரிஸில் மாநாடு கூட்டி, பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவான வடிவமே வகுத்துவிட்டார்கள்.

சரி, பாஸ்போர்ட் கொடுக்க ஒரு நாடு இருக்கிறவனுக்குப் பிரச்சினை இல்லை. நாடே கைகழுவியவனுக்கு?

ரஷ்யப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் பத்து லட்சம் பேருக்கு மேல் வெளியே துரத்தியிருந்தன. 1920 நவம்பரில் மட்டும் கிரிமியாவில் இருந்து சுமார் ஒன்றரை லட்சம் பேர் கப்பலில் கான்ஸ்டான்டினோபிளுக்கு வந்து இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது ஜார் மன்னர் காலத்துத் தாள்கள். அந்தப் பேரரசே இப்போது இல்லை. 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணை போட்டது. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனவர்கள், வெளிநாட்டில் நீண்ட காலம் இருந்தும் சோவியத் பாஸ்போர்ட் வாங்காதவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை ரத்து. ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள்.

நடைமுறையில் இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கான்ஸ்டான்டினோபிளில் வேலை கிடையாது, பிரான்ஸில் ஆலைகளுக்கு ஆள் தேவை. ஆனால் விசா குத்த ஒரு தாள் வேண்டுமே? தாள் இல்லை, அதனால் விசா இல்லை, அதனால் போக முடியாது. அரசுகளுக்கும் தலைவலிதான். யார் எவர் என்று தெரியாத ஆளை எப்படிக் கணக்கெடுப்பது, வெளியேற்ற நினைத்தாலும் எந்த நாடு வாங்கிக்கொள்ளும்?

ஒரு தாள், ஒரு ஃபோட்டோ

நான்சென் ஏற்கெனவே சர்வதேச சங்கத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தார். 1920-ல் போர்க் கைதிகளை ஊருக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்று, சில வருடங்களில் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களை வீடு சேர்த்தார். சோவியத் அரசோடு நேரடியாகப் பேசக்கூடிய சிலரில் அவரும் ஒருவர். அதனால் 1921-ல் ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையர் பதவியும் அவரிடமே வந்தது.

பட்ஜெட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, படையும் இல்லை. எந்த நாட்டையும் கட்டாயப்படுத்த அதிகாரமும் இல்லை. 1922 ஜூலையில் ஜெனீவாவில் அரசுகளைக் கூட்டி அவர் கேட்டது சின்ன விஷயம்தான்: உங்கள் நாட்டில் இருக்கும் அகதிக்கு நீங்களே ஓர் அடையாளச் சான்றிதழ் கொடுங்கள், மற்ற நாடுகள் அதை ஏற்று விசா குத்தட்டும். குடியுரிமை கொடுக்கச் சொல்லவில்லை. அதனால்தான் அரசுகளும் தலையாட்டின என்று சொல்லலாம்.

வந்தது பார்க்க எளிமையான தாள்தான். பெயர், பிறந்த இடம், தொழில், முன்பு வசித்த ஊர், முடி நிறம், கண் நிறம், ஒரு ஃபோட்டோ. ரஷ்ய வம்சாவளி, வேறு குடியுரிமை பெறாதவர் என்ற குறிப்பு. பொதுவாக ஒரு வருடம் செல்லும். கொடுத்தது அந்தந்த நாட்டு அரசு. பெயர் மட்டும் நான்செனுடையது. 1926 முதல் அதில் 5 தங்க பிராங்க் மதிப்புள்ள நான்சென் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருந்தது. வசதி உள்ள அகதி கட்டும் அந்தப் பணம், வசதி இல்லாத அகதிகளுக்குச் செலவானது.

இந்தத் தாளில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. இது பயணம் போக உதவும், திரும்பி வர உதவாது. கொடுத்த நாடு தனியாக எழுதிக் கொடுக்காவிட்டால், வெளியே போனவரை மறுபடி உள்ளே விட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. திரும்பும் உரிமை இல்லாத ஆளுக்கு விசா கொடுக்க அடுத்த நாடு தயங்கியதில் ஆச்சரியம் என்ன? 1926 ஏற்பாட்டில் இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். ஆனாலும் எல்லையில் இந்தத் தாளை நீட்டியவர்களை அதிகாரிகள் ஏற இறங்கப் பார்ப்பது நிற்கவில்லை. எழுத்தாளர் நபொகோவ் வருடக்கணக்கில் இந்தத் தாளோடுதான் பெர்லினிலும் பாரிஸிலும் அலைந்தார். ஒவ்வொரு விசாவுக்கும் பட்ட அவமானத்தைக் கடைசி வரை அவர் மறக்கவில்லை. இசையமைப்பாளர்கள் ஸ்ட்ராவின்ஸ்கி, ராக்மனினோவ், ஓவியர் ஷகால் போன்றவர்களும் இதை வைத்திருந்தவர்கள்தான். பெயர் தெரியாத சமையல்காரர்கள், டாக்ஸி டிரைவர்கள், ஆலைத் தொழிலாளர்கள்தான் அதிகம். மொத்தம் சுமார் நாலரை லட்சம் பேர். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன.

எல்லோருக்கும் கிடைத்ததா?

இல்லை. முதலில் ரஷ்யர்களுக்கு மட்டும். 1924-ல் ஆர்மீனியர்களுக்கு, 1928-ல் அசிரியர்கள் உள்ளிட்ட சில குழுக்களுக்கு. அகதி என்றால் யார் என்ற பொது விளக்கமே கிடையாது. எந்த இனம் என்று பார்த்துத்தான் தாள். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு கஷ்டத்தில் இருந்தாலும் வெளியேதான்.

நான்சென் செய்த எல்லாமே பாராட்டத்தக்கது என்றும் சொல்ல முடியாது. கிரீஸ் - துருக்கி மக்கள் பரிமாற்றத்தை முன்மொழிந்து பேசியவர் அவர். 1923-ல் முடிவான அந்த ஒப்பந்தம், மதத்தை வைத்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிறந்த மண்ணில் இருந்து பெயர்த்தது. போக விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லையைத் தாண்ட முடியாதவர்களுக்காகப் போராடிய அதே மனிதர், தாண்ட விரும்பாதவர்களையும் தாண்ட வைத்ததில் பங்கெடுத்தார். இன்னும் பெரிய ரத்தக்களரியைத் தடுத்தது என்று வாதாடுபவர்கள் உண்டு. வீடு இழந்தவர்களுக்கு அது பதிலாகாது.

இன்னொரு பக்கம், 1921-ல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது சர்வதேச சங்கத்திடம் கெஞ்சிப் பார்த்தார். அரசுகள் கைவிரித்தன. உடனே ஊர் ஊராகப் போய் பஞ்சத்தின் படங்களைக் காட்டி நிதி திரட்டினார். 1922-ல் அமைதிக்கான நோபல் பரிசு வந்ததும் அந்தப் பணத்தையும் நிவாரணத்துக்கே கொடுத்தார். 1925-ல் ஆர்மீனியாவுக்கே போய், அகதிகளைக் குடியமர்த்த நீர்ப்பாசனத் திட்டம் ஒன்று தயாரித்தார். எந்த அரசும் போதிய பணம் தரவில்லை. அந்தத் தோல்வி அவரைக் கடைசி வரை உறுத்தியது.

1930 மே 13 அன்று வீட்டில் இறந்தார். நான்கு நாள் கழித்து, நார்வேயின் தேசிய நாளான மே 17-ல் இறுதிச்சடங்கு நடந்தது. அவர் பெயரில் இயங்கிய அகதிகள் அலுவலகம் 1938-ல் நோபல் பரிசு பெற்றது.

இன்று அந்தத் தாள் எங்கே?

1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 28-வது பிரிவில் இருக்கிறது. தங்கள் மண்ணில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிக்குப் பயண ஆவணம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நான்சென் தாளில் பொதுவாக இல்லாத திரும்பி வரும் உரிமையும் இதில் சேர்ந்தது. அட்டையின் இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு கோடு இருக்கும், அதுதான் அடையாளம்.

இந்தியா இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. திபெத்திய அகதிகளுக்கு மஞ்சள் அட்டை போட்ட ஓர் அடையாளச் சான்றிதழை இந்தியா பயணத்துக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களிடம் உள்ள அடையாள அட்டையைக் காட்டி வெளிநாடு போக முடியாது. ஐரோப்பாவுக்குப் போய் அகதியாக ஏற்கப்பட்ட தமிழர்களுக்கு, நான்செனின் நார்வே உட்பட பல நாடுகளில், இரண்டு கோடு போட்ட அந்தப் புத்தகம் கிடைத்தது. எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்ற இடத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: இலங்கை தவிர எல்லா நாடுகளும்.