இராயகோபுரத்தை நிறைவித்த அழகிய சிங்கர்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் அஷ்டலக்ஷ்மிகளைச் சேவிக்க வரும் அன்பர் பலர், இத்திருக்கோயிலுக்கும் இரு நதிகளுக்கிடையே விளங்கும் திருவரங்கத்துக்கும் உள்ள உறவை அறியார். அவ்வுறவு ஓர் ஆசார்யரால் வாய்த்தது.

முக்கூர் என்னும் சிற்றூரில் அவதரித்து, ஸ்ரீ அஹோபில மடத்தின் 44ஆம் பட்டத்தை 1957 முதல் அலங்கரித்தவர் ஸ்ரீ வேதாந்த தேசிக யதீந்த்ர மஹாதேசிகன். முக்கூர் அழகிய சிங்கர் என்பதே மக்கள் வழங்கிய திருநாமம். மாலோலனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு ஊர்தோறும் சஞ்சரிப்பது அம்மடத்து ஜீயர்களின் நியமம். ஓரிடத்தில் நிலைத்துக் கல்லையும் செங்கல்லையும் எண்ணுவது அவர்கள் வழக்கமன்று. ஆயினும் இவருக்குத் திருப்பணி வந்து சேர்ந்தது. 1976 ஏப்ரல் 5ஆம் நாள் இவர் முன்னிலையிலேயே அஷ்டலக்ஷ்மி ஆலயத்தின் சம்ப்ரோக்ஷணம் நிகழ்ந்தது.

அதனினும் பெரியதொன்று காவிரிக் கரையில் காத்திருந்தது. ஏழு திருச்சுற்றுகள் கொண்ட பெரிய கோயிலின் தென்வாசலில், அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் கோபுரம், கல் அடித்தளத்தோடு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்றுபோயிருந்தது. இராயகோபுரம் என்பது அதன் பெயர்; ஊரார் மொட்டைக் கோபுரம் என்றனர். அரசர்கள் விட்ட குறையை, பொருளொன்றும் தமதென்று வைத்துக்கொள்ளாத துறவி ஏற்பதாவது! அதுவும் எண்பதைக் கடந்த பிராயத்தில்; அதுவும் தென்கலை மரபு ஓங்கிய தலத்தில், வடகலை மடத்து ஜீயர். 1979இல் பணி தொடங்கிற்று. முடிவைத் தம் கண்ணால் காண்போம் என்ற உறுதி எவருக்கு இருந்திருக்க இயலும்? அன்பர்களின் காணிக்கை சிறிதும் பெரிதுமாக வந்தது; அதைக் கொண்டே ஒவ்வொரு நிலையாகக் கோபுரம் எழுந்தது.

எட்டு ஆண்டுகளில் பதின்மூன்று நிலைகளும் முடிந்தன. உயரம் 236 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் 216 அடியையும் விஞ்சியது. 1987 மார்ச் 25ஆம் நாள் நடந்த கும்பாபிஷேகத்தைத் தொண்ணூற்றை ஒட்டிய பிராயத்தில் ஸ்வாமி கண்ணாரக் கண்டார்.

1992இல் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அம்மா மண்டபப் படித்துறையில் நீராடி வடக்கு நோக்கி நடப்பவர்க்கு, அரங்கனுக்கு முன்னே அக்கோபுரமே இன்றும் முதலில் சேவை சாதிக்கிறது.