கப்பலுக்குப் பங்கு சேர்த்த வக்கீல்

நம் சங்கத்து அன்பர்கள் கூட்டு வர்த்தகம் தொடங்குவது பற்றி அடிக்கடி பேசுகின்றனர்; பிறரிடம் சென்று முதல் கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் நா எழாது நின்றுவிடுகின்றனர். ஆதலின், அக்கலையில் வல்லவராய் விளங்கிய ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தில் அப்பகுதியையே ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம். அன்னார் செக்கிழுத்த கொடுமையை அறியாதார் நம்முள் இலர்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் ஜனித்தார். தந்தையாரைப் போலவே வக்கீல் தொழில் பூண்டு, பின்னர்த் தூத்துக்குடியிற் குடியேறினார். அங்கிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல் வர்த்தகம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கைவசமிருந்தது. அதற்கெதிராகச் சுதேசிக் கப்பல் விடுவதென்று பிள்ளையவர்கள் உறுதி பூண்டார். கையிலே கப்பலுமில்லை, கப்பல் வாங்கும் பொருளுமில்லை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அதனைப் பங்கொன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுத்தனர். இவ்வகுப்பை யாம் பெரிதும் வியக்கின்றோம். நூறும் ஆயிரமுமாக வைத்திருப்பின் தனவந்தர் சிலரே வாயிலில் நின்றிருப்பர். 25 ரூபாயாதலின் சிறு வியாபாரியும் தன்னைக் கப்பலுக்குரியவனாக எண்ண இடமுண்டாயிற்று. பங்கு கொள்ளும் உரிமை இந்தியர், இலங்கையர் முதலிய ஆசியாக் கண்டத்தார்க்கே என்று விதித்தனர். கப்பலோட்டவும் கட்டவும் நம்மவரைப் பழக்குவதும் நோக்கங்களுள் ஒன்றாக அமைந்தது.

எனினும், பணமுடையார் எவரும் முதலில் வினவுவது, வேறு யார் சேர்ந்துள்ளார் என்பதன்றோ? அதற்கும் விடை ஆயத்தமாயிருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவராயினர். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளைத் தாமே ஏற்று இரண்டு லட்சம் ரூபாய் அளித்தனர்; மூலதனத்தில் ஐந்திலொரு பாகம் அது. பிள்ளையவர்கள் சங்கத்துக்காக உழைத்தார்.

குறையொன்றும் கூறுதல் வேண்டும். தொடக்கத்திற் பம்பாய்க் கம்பெனியாரிடம் கப்பல்களை வாடகைக்கே அமர்த்தினர். எதிரிகளின் நெருக்குதலால் அவை நின்றுபோயின. பிறர் கப்பலை நம்பிப் பொதுமக்களிடம் வாக்களித்தது துணிவேயாயினும், அது வன்மையான அடித்தளமன்று என்பது எம் கருத்து. பிள்ளையவர்களோ தளராமல், கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குக் கொணர்ந்து போக்குவரத்தை நடத்தினார். சொந்தக் கப்பலின்றித் திரும்புவதில்லையென்று சூளுரைத்து வடநாடு சென்று, பங்குகளும் சேர்த்தார். 1907-ஆம் ஆண்டிற் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் சங்கத்துக்குச் சொந்தமாயின.

அயல் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினர். அவர்கள் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தனர். நெடுநாள் நட்டந் தாங்க வல்லார் அவரே. 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் தேதி பிள்ளையவர்கள் கைது செய்யப்பட்டபின், பங்குதாரரிடம் சென்று நெஞ்சந் தேற்றிப் பேசுவார் இலராயினர். 1911-இற் கம்பெனி கலைக்கப்பட்டது; காலியாக் கப்பல் அப்போட்டிக் கம்பெனியார்க்கே விலையாயிற்று. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளிவந்த பிள்ளையவர்கள், அச்செய்தியைத் தாங்கியே எஞ்சிய இருபத்துநான்கு ஆண்டுகளும் வாழ்ந்தார்.