மண்ணுக்குரிய புல்லையும் போற்றிய மா. கிருஷ்ணன்

புல் என்றாலே களைந்தெறியத் தக்கது என நாம் எண்ணிப் பழகிவிட்டோம். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு லாலாங் புல்லோடு போராடுவதே பெரும்பாடாக இருந்தது. ஆயினும், புல்வெளியும் ஒரு நாட்டின் செல்வமே என உணர்ந்து வாழ்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன். அன்னாரின் வரலாற்றை மாணவச் செல்வங்கள் அறிதல் நன்று.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையா இவர்தம் தந்தையார். பிள்ளைகள் எண்மருள் இவரே கடைக்குட்டி. குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. அந்நாளில் அப்பகுதி புதர் மண்டிக் கிடந்தது. நரிகளும் வெளிமான்களும் அங்கே உலவின. பதினொரு வயதிலேயே இவர் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தார். 1925இல், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசிய மாதவையா, அவ்விடத்திலேயே உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

பின்னர் மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பைசனிடம் தாவரவியல் பயின்றார். அவருடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளை நேரிற் கண்டறிந்தார். தேர்வுகளில் பெரும்புகழ் ஈட்டவில்லை. தக்க வேலையும் எளிதிற் கிட்டவில்லை. எனினும் மனந்தளராது எழுத்தாலும் ஓவியத்தாலும் பொருளீட்டினார். 1942இல் சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்று, ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஆடு மேய்ப்பதையும் இழிவாகக் கருதாது, மேய்ச்சல் நிலத்தில் அலைந்து உயிரினங்களை உற்றுநோக்கினார். 1950 முதல் 1996 வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதினார்.

நீலகிரியின் உயர்ந்த சரிவுகள் இயற்கையாகவே புல்வெளிகள். பள்ளங்களில் மட்டுமே சோலைக்காடுகள் உண்டு. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு மெல்லமெல்ல வழங்குவது அப்புல்நிலமே. வரையாடு மேய்வதும் அங்கேதான். அதனை வீண்நிலமெனக் கருதி, ஆஸ்திரேலியச் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டனர். புல் அழிந்தது, வரையாட்டின் மேய்ச்சலும் குறுகியது. சீகையை வெட்டினாலும் மண்ணிற் கிடக்கும் விதைகள் மீண்டும் முளைக்கும். ஆதலின் ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கியே புல்லை மீட்க இயலும். களையெடுத்துப் பழகிய நம் பெற்றோர் இவ்வுழைப்பின் அருமையை நன்கறிவர். அயல்நாட்டு மரங்களைக் கண்மூடி நடுவதைக் கிருஷ்ணன் வன்மையாக எதிர்த்தார். ஒரு நாட்டின் அடையாளம் அதற்கே உரிய செடிகொடிகளிலும் விலங்குகளிலும் உள்ளது என்பது அவர்தம் கொள்கை.

நமக்குச் சோறிட்ட பால்மரமும் பிரேசிலிலிருந்து வந்ததே. அதனை நாம் பழிக்கவில்லை. எது எவ்விடத்திற்கு உரியது என அறிந்து நடப்பதே அறிவுடைமை என்கிறோம்.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். மாணவர்களே! நம் பள்ளி வேலியோரம் முளைத்திருக்கும் செடிகளின் பெயர்களைத் தாத்தா பாட்டியரிடம் கேட்டறிந்து ஏட்டில் எழுதி வாருங்கள். அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை.